நிசப்தத்தில் பாடும் டயர்

பெக்கோக்கிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். மின்சாரக் கார் வாங்கி மூன்றாண்டுகூட நிறையவில்லையாம். அதற்குள் நான்கு டயர்களும் தேய்ந்துபோய், புதியவை போட்ட நாளிலிருந்து காருக்குள் ஓயாத இரைச்சலாம். போதாக்குறைக்கு, ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் ஓடுகிற தூரமும் குறைந்துவிட்டதாம். "டயர் என்றால் கறுப்பாகவும் வட்டமாகவும் இருந்தால் போதாதா ஐயா? இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சென்ற வருஷம் இதே சங்கடம் எங்கள் குடும்பத்திலும் நேர்ந்தது. என் தங்கை மகன் தன்னுடைய மின்சாரக் காரில் என்னை லாபிஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அழைத்துச் சென்றான். யோங் பெங் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுதான் தாமதம், காலடியில் ஒரு தேன்கூடு கலைந்தாற்போன்ற ரீங்காரம் தொடங்கி, வேகம் ஏற ஏற அதுவும் சுருதி ஏறிக்கொண்டே வந்தது. "மாமா, பின் சக்கரத்துல பேரிங் போயிருச்சு போல," என்றான் அவன், முகம் வெளுத்து. காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் சிரித்தார். பேரிங்கும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. முந்தின வாரம் மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டிய டயர்கள்தாம் அப்படிப் பாடிக்கொண்டிருந்தன.

அன்று முதல் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டதென்றே சொல்லலாம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் லயன் வீட்டில் பிறந்தவன். என் தாயார் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டியவர். விக்கம் விதை கொண்டுபோனதும் ரிட்லி மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்க வழி கண்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்த கதை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் மங்கிலே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைக் கோணிச் சாக்கில் அள்ளித் தோளில் சுமந்து வரும்போது, மறுநாள் குளித்த பின்பும் போகாத அந்த நாற்றத்தை அறிந்தவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெள்ளைப் பால் கையுறைக்குப் போகும். அருவருப்போடு நாம் மூக்கைப் பொத்திக்கொண்ட அந்தக் கட்டிப்பால்தான் கழுவி, அரைத்து, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தப்பட்டு, எஸ்.எம்.ஆர். 20 என்ற முத்திரையோடு டயர் ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஆகவே டயரைப் பற்றிப் பேசுவது எனக்குத் தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல.

மின்சாரக் காருக்கும் டயருக்கும் என்ன விசேஷ விரோதம் என்று கேட்கலாம். விரோதம் ஒன்றுமில்லை; வீட்டில் சத்தமாகப் பேசுகிற பெரியவர் ஊருக்குப் போனபின் சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் சப்தம் காதில் விழுவதுபோல, எஞ்சினின் உறுமல் போனபின் டயரின் குரல் நமக்குக் கேட்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் காரிலும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. தவிர, மின்கலத்தின் கனத்தால் காரின் எடை சில நூறு கிலோ கூடுகிறது; மிதித்த மாத்திரத்தில் மோட்டார் முழுப் பலத்தையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அன்பருடைய டயரை மூன்று வருஷத்துக்குள் தின்றன.

தூரம் குறைந்ததற்குக் காரணம் வேறு. உருளுகிற டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிக்கொண்ட சக்தி முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை உஷ்ணமாக்கித் தானே வைத்துக்கொள்கிறது. நெடும் பிரயாணம் முடிந்து டயரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். இந்த உருளும் தடையை ஐரோப்பியர்கள் அளந்து 'ஏ' முதல் 'இ' வரை வகுத்திருக்கிறார்கள். 'ஏ' வகுப்பு டயர் ஒரு டன் பாரத்துக்கு அதிகபட்சம் 6.5 கிலோ எடைக்குச் சமமான தடையைக் காட்டலாம். 'சி' வகுப்பின் எல்லை 9. இரண்டு டன் எடையுள்ள காரில் 100 கிலோமீட்டர் ஓட, முன்னதற்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரமும் பின்னதற்கு ஏறத்தாழ ஐந்து யூனிட்டும் டயரை நசுக்கி நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும் என்பது சாதாரணப் பெருக்கல் கணக்கு. அந்தக் கார் 100 கிலோமீட்டருக்குப் பதினாறு யூனிட் தின்பதாக வைத்துக்கொண்டால், இந்த வித்தியாசம் பன்னிரண்டில் ஒரு பங்கு. 60 யூனிட் மின்கலத்தில் அது சுமார் முப்பது கிலோமீட்டர், அதாவது லாபிஸிலிருந்து ஏறத்தாழ சிகாமட் வரை. பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் பெரும்பகுதியை வெறும் சூடாகவே வெளியே கொட்டிவிடுவதால், அங்கே டயரின் திருட்டு கண்ணுக்குப் படவில்லை. சிக்கனமான வீட்டில்தான் சிறு திருட்டு தெரியும்.

அப்படியானால் தடையே இல்லாத ரப்பரைச் செய்துவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் ஒரு தர்மசங்கடம். சக்தியை உறிஞ்சாத ரப்பர் ஈரச் சாலையில் பிடிப்பும் தராது. நீண்ட காலம் இரண்டில் ஒன்றை இழந்தே மற்றதைப் பெற வேண்டியிருந்தது. கரியோடு மணற்சத்தாகிய சிலிக்காவையும் ரப்பரில் கலந்து, 1992-இல் மிச்செலின் இந்த முடிச்சை அவிழ்த்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு கிழக் கங்காணி இருந்தார். தினசரி முணுமுணுப்புகளுக்கு அசைந்து கொடுக்கமாட்டார். கள்ளுக்கடையில் அடிதடி என்றால் முதலில் பாய்ந்து பிடிப்பவர் அவர்தான். சிலிக்கா கலந்த ரப்பரின் சுபாவமும் அதுவே. சக்கரம் உருளும்போது விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நிகழும் மெதுவான நசுங்கலில் அது நிதானமாக இருக்கிறது. ஈரச் சாலையில் வழுக்கும்போது தரையின் பொடிக்கற்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இடிக்கும்போதோ சக்தியை விழுங்கி இறுகப் பற்றிக்கொள்கிறது. நம் பால்மரத்து ரப்பரிலேயே சிறிது பிராணவாயுவை இணைத்துச் சிலிக்காவோடு தானே ஒட்டும்படி செய்த எக்கோப்ரீனா என்ற சரக்கு மலேசிய ரப்பர் வாரியத்துடையது. அதைப் பற்றிய ஆராய்ச்சி இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் அருகே துன் அப்துல் ரசாக் பெயர் தாங்கிய நிலையத்தில் நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இனி எனக்கு மிகவும் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன். வாசகர் ஒரு நூற்கயிற்றை எடுத்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் தம் காரருகே குந்தி, டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் ரப்பர்க் கட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கட்டும். எல்லாம் ஒரே அளவு என்று கண் சொல்லும். கயிறு அப்படிச் சொல்லாது. ஒன்று சற்று நீளம், அடுத்தது சற்றுக் குட்டை, பிறகு இரண்டு நடுத்தரம், மறுபடி ஒரு நீளம் என்று, முதல் தடவை அச்சுக்கட்டை பிடித்த தச்சுப் பையன் செய்ததுபோல் முன்னும் பின்னுமாக இருக்கும். அது பிழையன்று, பெரும் கணக்குப் போட்டுச் செய்த ஒழுங்கீனம்.

கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 25 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் இரண்டு மீட்டர். ஆகவே விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று. சுற்றிலும் 64 கட்டங்கள் சம அளவில் இருந்தால், விநாடிக்கு 800 தடவை ஒரே தாளத்தில் சாலையை அறையும். 800 அதிர்வென்பது நாதசுரக்காரர் மேல் ஸ்தாயியில் பிடிக்கிற ஒரு ஸ்வரம். மூன்று மணி நேரம், மாறாமல், ஒரே ஸ்வரம்! கட்டங்களைப் பல அளவுகளில் வெட்டி, அவற்றை எந்த வரிசையில் அடுக்கினால் ஒரு ஸ்வரமும் தலைதூக்காதோ அந்த வரிசையில் அடுக்கிவிட்டால், அறைகள் குறைவதில்லை. ஆனால் பாட்டு கலைந்து, மழைத்தூறல் போன்ற மெல்லிய இரைச்சலாகிவிடுகிறது. காது அதை மன்னித்து மறந்துவிடும். என் சிறுவயதில் எங்கள் லயனுக்குப் பின்னால் ஓடிய ரயிலில், தண்டவாளத் துண்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்ததனாலேயே அந்தத் 'தடக் தடக்' எங்களுக்குத் தாலாட்டாயிற்று. துண்டுகளின் நீளம் முன்பின்னாக இருந்திருந்தால் தாளமும் இருந்திராது, தூக்கமும் வந்திராது. ரயிலில் நாம் விரும்பிய தாளத்தைக் காரில் குலைப்பதற்காக அறிஞர்கள் கணிப்பொறி வைத்து உழைக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வருகின்றன.

மலிவு டயரில் இந்தக் கலை குறைவாக இருக்கலாம். நல்ல டயரிலும், இடம் மாற்றாமல் ஓட்டினால் கட்டங்களின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, அடக்கிவைத்த பாட்டு திரும்பிவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போடச் சொல்வது கடைக்காரர் காசு பறிக்கும் தந்திரமன்று.

டயரின் வயிற்றுக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒரு குரல் உண்டு. வளையமான அந்தக் காற்றறை குழிகளில் இடிபடும்போது விநாடிக்கு இருநூற்றுச் சொச்சம் அதிர்வில் 'பொம்' என்று ஒலிக்கும். வெறுங்குடத்தைத் தட்டினால் முழங்குகிறது. ஒரு துணியை உள்ளே அடைத்துத் தட்டினால் வாயடைத்துப் போகிறது. அதே யுக்தியாக, டயரின் உட்புறம் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியவை மின்சாரக் கார்களுக்கென்று வருகின்றன. ஆனால் ஆணி குத்தினால் அந்தப் பட்டையைச் சிறிது உரித்தெடுத்து உள்ளிருந்து ஒட்டுப்போடத் தெரிந்த கடை வேண்டும். வாங்குமுன், உங்கள் ஊர் டயர்க் கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஆகவே அன்பர் கடைக்குப் போகும்போது, பழைய டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளட்டும். அது பாரம் தாங்கும் எண். 94 என்றால் ஒரு டயருக்கு 670 கிலோ, 98 என்றால் 750. அதற்குக் குறைந்ததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. ஐரோப்பிய முத்திரைச் சீட்டு இருந்தால், உருளும் தடைக்கும் ஈரப்பிடிப்புக்கும் 'ஏ' அல்லது 'பி' இருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தடையை விட்டுக்கொடுங்கள், பிடிப்பை வேண்டாம். 2023 மார்ச் வெள்ளத்தைக் கண்ட சிகாமட் வட்டாரத்தாருக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டில் காணும் டெசிபல் எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். எஞ்சினை அணைத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, ஏழரை மீட்டர் தள்ளி ஒலிவாங்கி வைத்து எடுத்த அளவு அது. சாலையோரத்தில் நிற்பவர் காதுக்குரியது, உள்ளே அமர்ந்திருக்கும் உங்கள் காதுக்குரியதன்று. அதற்கு, அதே டயர் போட்ட இன்னொருவர் காரில் ஒரு முறை ஏறிப் பார்ப்பதே உத்தமம். கடைசியாக, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் பிறந்தது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்றரை லட்சம் வெள்ளி கொடுத்துக் காரை வாங்குகிறவர், அதற்கு மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, உயிரைத் தாங்குகிற நான்கு உள்ளங்கை அகல ரப்பரை ஐந்து நிமிஷப் பேரத்தில் முடித்துவிடுகிறார். மின்சாரக் கார் வந்தபின் இன்னொரு அலட்சியமும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் ஊற்றப் போன இடத்தில்தான் நாம் காற்றும் பிடித்தோம். எண்ணெய் நின்றதும் காற்றும் மறந்துபோயிற்று. காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சுடும், அதிகம் தின்னும். எச்சரிக்கை விளக்கு வெகுவாகக் குறைந்த பின்பே எரியும். விளக்குக்குக் காத்திராமல், மாதம் ஒரு விடியற்காலை, டயர் சூடேறுமுன் அளந்துவிடுவது நல்லது. பால்மரத்தால் வயிறு வளர்த்த ஜனங்கள் நாம். ஷா ஆலமில் 1972 முதல் நடந்த குட்இயர் ஆலையும் 2024 ஜூனோடு மூடப்பட்டுவிட்டது. எங்கள் தோட்டத்து நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தப் பால் என்னவாயிற்று என்றாவது நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கலாம்.

பெக்கோக் அன்பருக்கு இன்னொரு வேண்டுகோள். கழற்றிய நான்கு டயர்களையும் பூச்செடி வைக்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டுவைக்காதீர்கள். அவற்றின் மடிப்பில் தேங்கும் ஒரு குவளை மழைத்தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். கடையிலேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள். வருஷக் கடைசி மழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.