பூட்டி வைத்தால் தீராது, மருந்து உண்டு!
டில்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் - தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டியவை

"பையன் கெட்டுப் போய்விட்டானே!" என்று தலையில் அடித்துக் கொள்ளும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. பிழைப்பைத் தேடி டில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலோ இந்தத் துயரத்துடன் இன்னொரு பாரமும் சேர்ந்து கொள்கிறது. அக்கம் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் நாலைந்துதான் இருக்கும். அவர்களுக்குத் தெரிந்தால், அடுத்த ரயிலில் செய்தி ஊருக்குப் போய்விடும். தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். ஆகவே முதலில் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள். பிறகு பையனை அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள். அதற்கும் பிறகு ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடைசியில், "ஒரு கால் கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

இவை எதுவும் பலிக்காத பிறகுதான் ஆஸ்பத்திரியின் நினைவு வருகிறது. அதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடுகின்றன.

இத்தனைக்கும், இந்த நோய்க்கென்றே அமைந்த நாட்டின் தலையாய அரசுச் சிகிச்சை மையம் டில்லிவாசிகளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஹரி நகரிலிருந்து காஜியாபாத்துக்கு

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், அதாவது எல்லோரும் எய்ம்ஸ் என்று சொல்லும் பெரிய ஆஸ்பத்திரி, 1956-ல் உருவானது. 1980-களில் 'ஸ்மேக்' என்றும் 'பிரவுன் ஷுகர்' என்றும் பெயர் பெற்ற மட்டரக ஹெராயின் டில்லியின் சந்து பொந்துகளில் பரவத் தொடங்கியது. 1985-ல் மத்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. சட்டம் மட்டும் போதாது, சிகிச்சையும் வேண்டும் என்று உணரப்பட்டதன் பலனாக, 1988-ல் ஹரி நகர் தீன் தயாள் உபாத்யாய ஆஸ்பத்திரியில் எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. 2003-ல் அது காஜியாபாத் கமலா நேரு நகரிலுள்ள சி.ஜி.ஓ. வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்று தேசிய மையமாக விளங்கும் அதில், உள்நோயாளிகளுக்கு 50 படுக்கைகள் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளி நோயாளிகளாகவே சிகிச்சை பெறுகிறார்கள். "சேர்த்துக் கொண்டால்தான் குணமாகும்" என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று.

நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், ஆஸ்பத்திரியே நோயாளியின் பேட்டைக்குப் போவது இந்த மையத்தின் இன்னொரு சிறப்பு. திரிலோக்புரி, சுந்தர் நகரி, கோட்லா முபாரக்பூர் போன்ற பகுதிகளில் இதன் சமுதாய மருத்துவ நிலையங்கள் அமைந்தன. தினக் கூலிக்காரர் ஒருவர் மருந்துக்காகத் தினமும் காஜியாபாத் போய் வந்தால், வேலையும் போகும், பஸ் காசும் போகும். வீட்டருகில் மருந்து கிடைத்தால்தான் அவர் சிகிச்சையில் நிலைத்திருப்பார்.

பத்து நாள் வேதனை

ஹெராயினுக்கு அடிமையான ஒருவருக்கு அது கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது? ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவி வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். பிறகு எலும்பை முறித்துப் போட்டாற்போல் உடல் வலி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிதல், தூக்கமின்மை. இரண்டு மூன்று நாட்களில் இது உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தணிகிறது. இந்தப் பத்து நாள் வேதனையை மருந்து கொடுத்துக் குறைப்பது சிகிச்சையின் முதற்கட்டம்தான்.

குடும்பத்தார் பலர் இதையே முழுச் சிகிச்சை என்று எண்ணிவிடுகிறார்கள். "பத்து நாளாகத் தொடவில்லை, குணமாகிவிட்டது" என்று வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. பல மாதம், பல வருடம் பழகிய மூளையின் ஏக்கம் பத்து நாளில் போய்விடாது. ஆனால் உடலின் தாங்கும் சக்தி மட்டும் குறைந்துவிடுகிறது. மாதக் கணக்கில் நிறுத்தியிருந்தவர் மனம் தளர்ந்து பழைய அளவையே மறுபடி எடுத்துக் கொண்டால், மூச்சு நின்று உயிர் போய்விடலாம். பூட்டிய அறையிலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வந்தவர்கள் முதல் சில வாரங்களில் இறந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

ஆகவேதான் இரண்டாம் கட்டமாக நீண்ட காலச் சிகிச்சை தரப்படுகிறது. அதில் முக்கியமான மருந்து 'புப்ரிநார்ஃபின்'. இந்த மாத்திரையை விழுங்கினால் உரிய பலன் கிடைக்காது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். ஹெராயின் மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ, அதே இடத்தில் இது போய் உட்காருகிறது. ஏக்கமும் உடல் வலியும் அடங்குகின்றன. ஹெராயின் தருவது போன்ற மயக்கம் ஏற்படுவதில்லை. ஒரு வேளை மருந்து ஒரு நாளைக்கு மேலும் தாங்குவதால், காலையில் மருந்து எடுத்துக் கொண்டு நேரே வேலைக்குப் போகலாம்.

எய்ம்ஸ் டாக்டர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே இந்தச் சிகிச்சையை நம் நாட்டில் தொடங்கினார்கள். 2005-ல் உலகச் சுகாதார நிறுவனம் புப்ரிநார்ஃபினையும், இதே வகையைச் சேர்ந்த மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2012 முதல் மெத்தடோன் சிகிச்சையும் இந்தியாவுக்கு வந்தது.

"ஒரு போதையை நிறுத்த இன்னொரு போதையா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் தினமும் இன்சுலின் போட்டுக் கொள்வதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. அளவு தெரியாத, கலப்படம் மிகுந்த தெருச் சரக்கைத் தேடித் திருடவும் கடன் வாங்கவும் அலைந்தவர், டாக்டர் அளந்து தரும் மருந்தில் நிலைத்து, வேலைக்குப் போய், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார் என்றால் அது சிறிய மாற்றமா? மாத்திரையை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரும் நோயாளியும் கலந்து முடிவு செய்ய வேண்டும். உறவினர் அவசரப்பட்டு நிறுத்தினால், பழைய இடத்துக்கே திரும்பிப் போக வழி செய்ததாகும்.

ஊசியும் உயிரும்

போதை மருந்தை ஊசியில் ஏற்றிக் கொள்பவர்கள் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால், எய்ட்ஸ் நோயைத் தரும் ஹெச்.ஐ.வி. கிருமியும், கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் 'சி' கிருமியும் பரவுகின்றன. அவர்களிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து குழந்தைக்கும் ஹெச்.ஐ.வி. போகிறது. ஆகவே, இன்றைக்கே விட முடியாதவர் விடும் நாள் வரை உயிரோடு இருக்கட்டும் என்று புதிய ஊசி கொடுத்துப் பழைய ஊசியைத் திரும்பப் பெறும் முறை ஏற்பட்டது. இதைத் 'தீங்கு குறைப்பு' என்கிறார்கள்.

"அரசாங்கமே ஊசி கொடுக்கலாமா?" என்று சிலர் கொதிக்கிறார்கள். ஊசி வாங்க வருகிறவர், முதன்முதலாக ஒரு மருத்துவ ஊழியரின் எதிரில் வந்து உட்காருகிறார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, புண்ணுக்கு மருந்து, காச நோய்ச் சோதனை, நாக்கடி மாத்திரை என்று அடுத்தடுத்த கதவுகள் அங்கேதான் திறக்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் இந்த முறையை ஏற்று நடத்துகிறது. இத்தகைய சேவைகளும் அவற்றைப் பெறுவதும் குற்றமாகாது என்று 2017-ல் நிறைவேறிய எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது.

மாலை போடும் முன்...

டில்லித் தமிழர் வீடுகளில் ஸ்மேக்கைக் காட்டிலும் மதுவே பெரிய பகைவன். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு, விரதம் முடியும் வரை தொடாமல் இருந்து, மலையிலிருந்து இறங்கியதும் மீண்டும் தொடங்கும் கதை பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான். பக்தியால் விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதில் மருத்துவ ரீதியான ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஊற்றிக் கொண்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போனவர், மருந்தில்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. ஹெராயினை நிறுத்தும் வேதனை கொடுமையானது என்றாலும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. மதுவை நிறுத்துவதோ உயிருக்கே உலை வைக்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் நடுக்கமுமாகப் பிதற்றும் நிலை ஏற்படலாம். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போவதால் இழந்த உயிர்கள் உண்டு. இது அவசர வார்டுக்கு உரிய நோய். தகுந்த மருந்தும், 'தயமின்' என்னும் வைட்டமினும் கொடுத்தால் காப்பாற்றிவிடலாம். மாலை போட விரும்புகிறவர் தாராளமாகப் போடட்டும். அதற்குச் சில நாள் முன்பே டாக்டரையும் பார்த்துவிடட்டும்.

முப்பத்தெட்டில் ஒருவர்

எய்ம்ஸ் மையம் நாடு முழுவதும் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, நிலைமையின் பரிமாணத்தைக் காட்டுகிறது. மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் 5 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். அபின், ஹெராயின் வகைகளால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் சுமார் 77 லட்சம். ஊசி மூலம் போதை ஏற்றுவோர் சுமார் எட்டரை லட்சம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மற்ற 37 பேரின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

போலீஸ் பிடிக்குமா?

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, போதைப் பொருளை உட்கொண்ட குற்றத்துக்கோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை ஒருவர், தாமாகவே அரசின் அல்லது அரசு அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற முன்வந்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

வேறொரு விஷயத்தில் பயப்படுவதுதான் பொருத்தம். 'மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டிக் கொண்டு, டாக்டரே இல்லாமல், அடைத்து வைத்து அடிக்கும் இடங்களும் இருக்கின்றன. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ன் மனநலச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், டாக்டர் யார், உரிமம் உண்டா, வீட்டார் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பிவிடுவது நல்லது.

முதல் படி

மெட்ரோவின் சிவப்புப் பாதையில் கடைசி நிலையமான ஷஹீத் ஸ்தலில் இறங்கி, ஆட்டோவில் கமலா நேரு நகருக்குப் போகலாம். கிழக்கு டில்லிக்காரர்களுக்கு ஷாதராவின் 'இபாஸ்' மருத்துவமனையும் இருக்கிறது. தெரிந்த விவரங்களை - எந்தப் பொருள், எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது, வேறு நோய்கள் என்ன - ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது உதவும். மருமகளை மட்டும் தனியே அனுப்பாமல், இந்தி தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ கூடப் போனால் அவளுக்கும் தெம்பாக இருக்கும்.

தமிழிலேயே மனம் விட்டுப் பேச விரும்புவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை இலவசமாக அழைத்து மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். புகை, புகையிலையை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற எண்ணில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மூலம் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது. போதைப் பழக்கம் பற்றிய தேசிய உதவி எண் 14446. ஊருக்கே திரும்பும் நிலையில் இருப்பவர்களுக்கு, 1980 முதல் சென்னையில் இந்தப் பணியைச் செய்துவரும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது.

ஒரு முறை தவறி மீண்டும் தொட்டுவிட்டால் எல்லாம் வீணாயிற்று என்று எண்ணக் கூடாது. ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் டாக்டரிடம் போவது போலவே இதற்கும் போக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டார் கதவைச் சாத்தாமல் இருந்தால், பாதி வைத்தியம் நடந்தாற்போல.