ஞானத்தாய் வம்புக்காரி ஆன கதை

சினிமாக் கிசுகிசுவுக்கும் அக்கம்பக்கத்து வம்புக்கும் இன்று நாம் சொல்லும் ‘காஸிப்’, தேவாலயத்தோடு ஒட்டிப் பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அது ‘காட்ஸிப்’. முதல் பாதி கடவுள், பின்பாதி உறவு. உடன்பிறப்பைக் குறிக்கும் ‘ஸிப்ளிங்’கிலும் அதே வேர்தான் இருக்கிறது. குழந்தையின் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை இருவருக்குமே இந்தப் பெயர். ரத்த உறவுக்கு நிகராக மதிக்கப்பட்ட உறவு அது. ஞானப்பெற்றோரும் குழந்தையைப் பெற்றவர்களும் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்ளவும் திருச்சபை தடை போட்டிருந்தது.

காலப்போக்கில் நெருங்கிய தோழமை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் படைத்த பாத் நகரத்துப் பெண், கணவனின் ரகசியங்களைத் தன் ‘காஸிப்’பான தோழியிடம்தான் கொட்டுகிறாள். செஸ்டர் நகரத்துப் பழைய நாடகமொன்றில் நோவாவின் மனைவி, தோழிகளை விட்டுவிட்டுப் பேழையில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்.

சொல்லின் தலையெழுத்தை மாற்றியது பேறுகால அறை. பிரசவத்தின்போது மருத்துவச்சியோடு அண்டை அயல் பெண்கள் கூடி, தாய்க்குத் துணையிருப்பார்கள். அவர்களையும் ‘காஸிப்’ என்றே அழைத்தார்கள். ஆண்களுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. மூடிய கதவுக்குள் பெண்கள் பேசியதெல்லாம் வெளியே நின்றவர்களுக்கு வீண்பேச்சாகப் பட்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் சில ஊர்களில், வாயாடி என்று பெயரெடுத்த பெண்களின் தலையில் இரும்புக் கடிவாளமே மாட்டினார்கள். நாக்கை அசையவிடாமல் அழுத்த அதில் ஒரு தகடு இருந்தது.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இந்தச் சரிவை ஒரே பதிவில் காட்டுகிறது. முதல் பொருள் ஞானஸ்நானச் சாட்சி, இரண்டாவது குடிக்கூட்டாளி, மூன்றாவது, பேறுகால வீட்டுப் பெண்களைப் போல வம்பளந்து திரிபவர். ஆளைக் குறித்த சொல் பேச்சையே குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரெஞ்சிலும் இதே கதை: வம்புப் பேச்சைச் சொல்லும் ‘கொமெராஜ்’, ஞானத்தாயைக் குறிக்கும் ‘கொமேர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஆண்கள் மட்டும் வாய்மூடியா இருந்தார்கள்? லண்டன் காபிக் கடைகளில் அவர்கள் பரப்பிய வதந்திகளுக்குப் பயந்து, 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் கடைகளை மூடச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார். அந்தப் பேச்சை வரலாறு அரசியல் விவாதம் என்று கொண்டாடுகிறது.

நம் உரையாடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியதே என்கிறார் பிரிட்டிஷ் மானுடவியல் ஆய்வாளர் ராபின் டன்பார். அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் அவருடைய ஆய்வு சொல்வதுதான். வம்பு இருபாலருக்கும் பொது; பழி மட்டும் பெண்கள் தலையில் விழுந்தது.