பழி சுமந்த ஓநாய்

மனிதன் ஓநாயாக உருமாறுவான் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் மிகத் தொன்மையானது. ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய காவியத்தில், விருந்தாய் வந்த தேவனுக்கு நரமாமிசம் படைத்த மன்னன் லைகேயன் ஓநாயாகிறான். உருவம் திரிவதற்கு முன்னரே அவன் உள்ளம் திரிந்துவிட்டது என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

கதை வழக்காகவும் மாறியது. 1589-இல் ஜெர்மனியின் பெட்பர்க்கில் பீட்டர் ஸ்டும்ப் என்பவர் ஓநாய் மனிதரெனக் கொல்லப்பட்டார். அவருடைய வாக்குமூலம் சித்திரவதைக்கு அஞ்சி அளிக்கப்பட்டதாகும்.

திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயம் நமக்குத் தெளிவு தருகிறது. தம்பியைக் கிணற்றில் இட்ட சகோதரர்கள், சட்டையில் பொய்க்குருதி தோய்த்துக் கொணர்ந்து, ஓநாய் தின்றது என்றனர். தந்தை யஃகூப் நபி (அலை) அதனை நம்பினாரல்லர்.

குற்றம் மனிதருடையது, பழியோ ஓநாயினுடையது. எவர்மீதேனும் விலங்கெனும் பழி சுமத்தப்படும்போது, சட்டையைக் கொணர்ந்தவர் யார் என வினவுதல் இலக்கியம் கற்ற நம் கடமையாகும்.