பரவையில 20 டிகிரி... கொழுக்குமலையில எவ்வளவு? குளிர்கால மலையேற்றத்தில் உடம்புக்கு என்ன நடக்கும்?

மார்கழி, தை வந்துட்டாலே மதுரை, பரவை, சமயநல்லூர் பக்கத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான்: "மச்சி, கொழுக்குமலை போலாமா?" கீழே மேகக்கடல், மேலே சூரிய உதயம் என ரீல்ஸில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், சமவெளியில் வளர்ந்த நமக்கு மலைக்குளிர் பழக்கமே இல்லை. ஒரு ஸ்வெட்டர் போதும்னு கிளம்புவதுதான் சிக்கலின் தொடக்கம்.

மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மதுரை வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலையின் உயரம் ஏறக்குறைய 2,400 மீட்டர். அப்போ வித்தியாசம் 14 முதல் 15 டிகிரி. பரவையில் விடியற்காலை 20 டிகிரி என்றால், அங்கே தோராயமாக 5 டிகிரி!

5 டிகிரிதானே, ஐஸ் எங்கிருந்து வரும்?

மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடும். இதனால் காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரி இருந்தாலும், புல்லின் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடலாம். அதுதான் உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். கொடைக்கானல், மூணாறில் தாழ்வான புல்வெளிகள் வெள்ளையாக மாறுவது இதனால்தான். ஆகவே பள்ளமான இடத்தில் டென்ட் போடாதீங்க.

அப்போ முகடு பாதுகாப்பா?

அங்கே பிரச்சினை காற்று. நம் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் இருக்கும். வேகமான காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது பூஜ்ஜியம் போலத் தெரியும். பூஜ்ஜியம் டிகிரி என்றால் மைனஸ் 6 போல இருக்கும். மறைப்பே இல்லாத முகட்டுப் பாதையில் ஒதுங்க இடமும் கிடைக்காது.

காலை வெயில் பட்டதும் உறைபனி உருகி, புல்லும் பாறையும் வழுக்கும். சூரிய உதயம் பார்த்துவிட்டு அவசரமாக இறங்குபவர்கள் சறுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

உடம்பு என்ன சிக்னல் கொடுக்கும்?

உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம், விரல் மரத்துப்போதல். அடுத்து பேச்சு குழறும், கால் தடுமாறும், குழப்பம் வரும். கவனிங்க: குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அது நல்ல அறிகுறி இல்லை, ஆபத்தின் உச்சம்.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்யணும்?

• காற்று படாத இடத்துக்கு மெதுவாகக் கொண்டு போங்க.
• ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்த துணி, கம்பளியால் தலை, கழுத்து, மார்பைப் போர்த்துங்க.
• முழு நினைவு இருந்தால் மட்டும் சூடான, இனிப்பான பானம் கொடுங்க.
• கை, காலைத் தேய்க்காதீங்க.
• மது கூடவே கூடாது. ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்சூடு இன்னும் வேகமாக வெளியேறும்.
• டென்டுக்குள் கரி அடுப்பு வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுக்கும்.
• உடனே 108-ஐ அழைங்க. சிக்னல் இல்லை என்றால் இருவரை கீழே அனுப்புங்க, பாதிக்கப்பட்டவரைத் தனியே விடாதீங்க.

என்ன உடை போடலாம்?

ஜீன்ஸும் காட்டன் சட்டையும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே சீக்கிரம் காயும் துணி, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு போடுங்க. குல்லா, கையுறை, மாற்று சாக்ஸ், நல்ல பிடிமானமுள்ள ஷூ அவசியம்.

இமயமலையின் கேதார்காந்தா (3,810 மீட்டர்) போன்ற பனி மலைக்குப் போறவங்களுக்கு ஷூவில் மாட்டும் இரும்பு முள் பட்டையும் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோயும் வரலாம். தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறாதீங்க.

அனுமதி வேண்டுமா?

கண்டிப்பா. 2018 மார்ச் 11-ல் போடி அருகே குரங்கணியில் நடந்த காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும் என்பதால் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்க.

கிளம்பும் முன், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு நீங்க வரலைன்னா, எங்கே தேடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.