ஒரு பிழைகூட வராத சோதனை

வானொலியின் முள்ளை இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிறுத்தினால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். தொடர்பாடல் கருவிகளைச் சோதிப்பவர்களுக்கு அந்த இரைச்சல்தான் வேண்டும். சமிக்ஞையோடு அதைக் கலந்து கொடுத்தால்தான் கருவி எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். இன்று அதைப் பெரும்பாலும் கணினியிலேயே உருவாக்கிக் கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு சோதனை செய்தேன். இரைச்சல் எதிர்த்திசையில் நியம விலகலின் 5 மடங்கைத் தாண்டினால் மட்டுமே ஒரு பிட் பிழைக்கும். 10 கோடி பிட்டுகளை அனுப்பினேன். செவ்வன் பரம்பலின்படி சுமார் 29 பிழைகள் வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. முதலில் மகிழ்ச்சிதான். அறிக்கையும் பாதி எழுதிவிட்டேன்.

அன்றிரவுதான் சந்தேகம் வந்தது. பிழை குறைவது வேறு, அறவே இல்லாமற் போவது வேறு.

கணினிக்குத் தாயக்கட்டை உருட்டத் தெரியாது. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்குப் போட்டுத்தான் தருகிறது. நான் பயன்படுத்திய நிரல் தந்தவை 32,768 வெவ்வேறு எண்கள் மட்டுமே. அவற்றை இரைச்சலாக மாற்ற, 1958இல் பொக்ஸ், முல்லர் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையைக் கையாண்டேன். 0இற்கும் 1இற்கும் இடைப்பட்ட எண்ணொன்றின் மடக்கையை அது எடுக்கிறது. எண் எவ்வளவு சிறியதோ இரைச்சல் அவ்வளவு பெரியது. என்னிடமிருந்த மிகச் சிறிய எண் 32,768இல் ஒரு பங்கு. அதிலிருந்து கிடைக்கக்கூடிய உச்ச இரைச்சல் 4.56 மடங்கு. 5ஐ அது ஒருபோதும் தொடாது! ஆயிரம் கோடி பிட்டுகளை அனுப்பியிருந்தாலும் பூச்சியம்தான் வந்திருக்கும். கருவியை நான் சோதிக்கவே இல்லை.

இது என் கவலையீனம் மட்டுமல்ல. 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் புழங்கிய 'ராண்டு' என்ற நிரலின் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் குறித்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடுக்காக விழும்.

பின்னர் 1998இல் வெளியான 'மெர்சென் ட்விஸ்டர்' முறைக்கு மாறினேன். அதன் 32 பிட் எண்களைக் கொண்டு 6.6 மடங்குவரை இரைச்சல் எடுக்கலாம். தொடக்க எண்ணையும் குறித்து வைத்தேன். அதே எண்ணைக் கொடுத்தால் அதே இரைச்சல் அப்படியே திரும்பி வரும். இயற்கை இரைச்சலில் இந்த வசதி இல்லை.

மறுபடி 10 கோடி பிட்டுகள். இம்முறை 31 பிழைகள். அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன்.