செயினை மட்டும் மாற்றினால் போதுமா?



செயின் டிரைவ் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தத் தெம்பில் செய்த ஒரு தப்பைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் எழுமலை. அப்பா பால் வியாபாரம். பைக்கின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு, விடியுமுன் உசிலம்பட்டி ரோட்டில் கிளம்பிவிடுவார். செயின் தளர்ந்து "கட கட" என்று கவரில் அடித்தது. மெக்கானிக் அண்ணன், "செட்டா மாத்திருங்க தம்பி, பல்லு தேஞ்சு போச்சு" என்றார். நான்தான், "பல்லு இன்னும் ஓடும்ணே, செயின மட்டும் போடுங்க" என்றேன். கொஞ்சம் காசு மிச்சம். "படிச்ச பய சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு விடியற்காலை செயின் பல்லிலிருந்து எகிறி, முன் சக்கரப் பெட்டிக்குள் சிக்கி, பின் சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. பால் ரோட்டில். அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒன்றரை மாதம் வண்டி தொடவில்லை. "வண்டின்னா அப்படித்தாம்ப்பா" என்றாரே தவிர, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செயின் நீளுவது ஏன்?

செயின் ரப்பர் மாதிரி இழுபட்டு நீளுவதில்லை. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய புஷ் ரோலர் செயின்தான் இன்றைக்கும் நம் வண்டியில் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் பின், அதன்மேல் புஷ், அதன்மேல் ரோலர். பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் பின் புஷ்ஷுக்குள் திரும்புகிறது. அங்கே மண்ணும் தூசியும் புகுந்தால் இரண்டும் தேயும். ஒரு கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால், 104 கண்ணியுள்ள செயின் 10.4 மி.மீ. நீண்டுவிடும்.

செயின் நீள நீள, ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல்லும் அதற்கேற்பத் தேய்ந்து கொக்கி மாதிரி வளையும். இப்படித் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் என்ன ஆகும்? புதுச் செயினின் பிட்ச் சரியாக இருக்கும், பல்லின் இடைவெளி சரியாக இருக்காது. பல பற்கள் சேர்ந்து தாங்க வேண்டிய பளுவை ஒன்றிரண்டு பற்களே தாங்கும். புதுச் செயின் சீக்கிரமே பழசாகிவிடும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான்.

இன்னொன்று. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் முன் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். அதனால் முன்னது சீக்கிரம் தேயும். அதுவோ கவருக்குள் மறைந்து கிடக்கிறது. நான் பின்னால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "ஓடும்" என்று சொன்னேன்!

எப்போது மாற்றுவது?

நம் ஊரில் ஓடும் 100, 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின். பிட்ச் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணியை, பின் மையத்திலிருந்து பின் மையம் வரை அளந்து பாருங்கள். புதுசில் 254 மி.மீ. இருக்கும். 259 வந்தால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். ஸ்கேல் இல்லையா? பின் பல்சக்கரத்தின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்பக்கம் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

கடையில் என்ன கேட்பது?

வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி, செயின், முன் பல், பின் பல் மூன்றையும் செட்டாகக் கேளுங்கள். 420-க்கும் 428-க்கும் பிட்ச் ஒன்றுதான், ஆனால் அகலமும் ரோலர் பருமனும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. எண்ணுக்குப் பின்னால் 'எச்' இருந்தால் பக்கத் தகடு தடிமன் கூடியது. பளு ஏற்றுகிறவர்களுக்கு அது நல்லது. வாங்கியதும் கண்ணியையும் பல்லையும் பழசோடு வைத்து எண்ணிப் பாருங்கள். செயினுக்காக வெளியூர், வெளிநாடு தேட வேண்டியதில்லை. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான், சென்னை டி.ஐ. குழுமத்தின் டைமண்ட் இரண்டும் தமிழ்நாட்டுத் தயாரிப்புகளே.

மூட்டை ஏற்றுகிறவர்கள், "முன்னால ஒரு பல்லு கம்மி பண்ணுப்பா, நல்லா இழுக்கும்" என்பார்கள். உண்மைதான். 14-ஐ 13 ஆக்கினால் விகிதம் 3.0 என்பது 3.23 ஆகும். இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடும். ஆனால் அதே வேகத்தில் போக என்ஜின் அதே அளவு கூடுதலாகச் சுற்ற வேண்டும். உச்ச வேகம் குறையும். சிறிய சக்கரத்தில் செயின் அதிகம் மடங்குவதால் தேய்மானமும் கூடும். தினமும் பளு ஏற்றாதவர்கள் கம்பெனி போட்ட எண்ணிக்கையை மாற்றாமல் இருப்பதே நல்லது.

மாட்டும்போது...

செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஏதாவது பட்டுக் கழன்றுவிடும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் தொய்வைப் பாருங்கள். பொதுவாக 20 முதல் 30 மி.மீ. இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் உண்டு. அதைவிட இறுக்கினால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் விறைத்து பேரிங்கைத் தின்னும். அட்ஜஸ்டர் கோடு இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு மண்ணெண்ணெயில் துடைத்து, 90 கியர் ஆயில் விடுங்கள். மழையில் ஓட்டினால் அன்றைக்கே விடுங்கள்.

அப்பா இப்போது மறுபடி பால் கேனோடு கிளம்புகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் செயினை அளப்பது என் வேலை. 254, 255 என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். "எதுக்குடா இதெல்லாம்?" என்று சிரிக்கிறார். தேர்வுக்குப் படித்தது மறந்துபோகலாம் நண்பர்களே, அந்த நோட்டு மறக்காது.