திருமண நிதியுதவியிலிருந்து உயர்கல்வி உறுதிக்கு: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்ட மாற்றமும் மதுரை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண நிதியுதவித் திட்டம், 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணத்தின்போது ஒரே தவணையில் பணமும் பொன்னும் வழங்கிய திட்டம், கல்லூரிக் காலத்தில் மாதந்தோறும் ரூ.1,000 வழங்கும் திட்டமாயிற்று. இம்மாற்றத்தில் தகுதி வரையறை, பயன் பெறும் காலம், விண்ணப்பிக்கும் வாயில் ஆகியன எவ்வாறு மாறின என்பதையும், பழைய திட்டத்தில் இடம்பெற்று, புதிய திட்டத்தில் இடம்பெறாமற்போன பெண்கள் யாவர் என்பதையும் மதுரை வட்டாரச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், திருமண நிதியுதவி, புதுமைப்பெண் திட்டம், இடைமாற்றம், தொலைதூரக் கல்வி, மதுரை.

முன்னுரை

நலத்திட்டம் ஒன்று நிறுத்தப்பட்டு மற்றொன்று தொடங்கப்படும்போது, புதியதன் சிறப்புகள் பெரிதும் பேசப்படுகின்றன. பழையதிலிருந்து புதியதற்கு மாறும் இடைவெளியில் நிற்போரைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. ஒரு திட்டத்தின் பெயர் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும்பொழுது இவ்விடைவெளி மேலும் மறைந்துவிடுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். இம்மாற்றம் நல்லதா, தீயதா என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எது எதனால் மாற்றப்பட்டது, அதனால் யாருடைய நிலை எவ்வாறு மாறிற்று என்று விளக்குவதே நோக்கமாகும்.

திட்டத்தின் பெயரும் வரலாறும்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்தவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் சுயமரியாதை இயக்கத்திற்காகவும் உழைத்தவர். 1936இல் வெளிவந்த ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தின் ஆசிரியர் என்ற வகையில் தமிழிலக்கிய ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமானவர். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே அதற்கான கருத்துக்களத்தை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவர் நினைவாக 1989இல் மு.கருணாநிதி தலைமையிலான அரசு தொடங்கிய திட்டத்தின் தொடக்க நிதி ரூ.5,000 ஆகும். பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து, 2011க்குள் இது ரூ.25,000ஐ எட்டியது. 2011இல் ஜெ.ஜெயலலிதா தலைமையிலான அரசு இதனை இரு பிரிவுகளாக்கியது. பத்தாம் வகுப்புவரை பயின்ற பெண்ணுக்கு ரூ.25,000, பட்டமோ பட்டயமோ பெற்ற பெண்ணுக்கு ரூ.50,000 என வரையறுக்கப்பட்டது. இரு பிரிவினருக்கும் திருமாங்கல்யம் செய்ய 4 கிராம் தங்கமும் வழங்கப்பட்டது. 2016 மே மாதத்தில் அரைப் பவுனாக இருந்த இத்தங்கம் 8 கிராமாக, அதாவது ஒரு பவுனாக உயர்த்தப்பட்டது. மக்கள் வழக்கில் இத்திட்டம் ‘தாலிக்குத் தங்கம்’ என்றே வழங்கிற்று.

இங்கு ஒரு முரணைச் சுட்டவேண்டும். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம், தாலி கட்டுதல், மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே போதுமென்கிறது. அச்சட்டத்திற்கு வித்திட்ட இயக்கத்தின் முன்னோடி ஒருவரின் பெயரே ‘தாலிக்குத் தங்கம்’ திட்டத்தின் மேல் நின்றது. எனவே 2022இல் நிகழ்ந்த மாற்றத்தை, பெயருக்குரியவரின் கொள்கையோடு திட்டம் நெருங்கி வந்த நிகழ்வாகவும் கருத இடமுண்டு.

திருமண உதவி தோன்றிய சமூகப் பின்புலம்

பெண்ணின் திருமணச் செலவு குடும்பத்தின் பெருஞ்சுமையாகும் என்ற எண்ணத்தின் கொடிய வெளிப்பாட்டை மதுரை வட்டாரம் அறியும். உசிலம்பட்டிப் பகுதியில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலை 1986இல் இதழியல் வாயிலாக நாடறியச் செய்யப்பட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டு, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. 1992இலேயே பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. திருமண நிதியுதவியையும் இவ்வரிசையில் வைத்தே நோக்கவேண்டும். ‘பெண் பிறந்தால் செலவு’ என்னும் கணக்கை அரசு தன் பங்கைக் கொடுத்துத் தணிக்க முயன்றது.

தனியார் துறையும் இதே கணக்கைத் தன் வழியில் பயன்படுத்திக்கொண்டது. நூற்பாலைகள் சில, தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்களை அழைத்துச்சென்று, ஏறத்தாழ மூன்றாண்டு விடுதியில் தங்கிப் பணியாற்றினால் முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை ‘சுமங்கலித் திட்டம்’ எனப் பெயர் பெற்றது. திருமணத்திற்கென ஒரே நேரத்தில் கைக்கு வரும் தொகைக்கு ஏழைக் குடும்பங்களிடையே இருந்த மதிப்பை இது காட்டுகிறது. மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் ஒரு பவுனுக்காகப் பல ஆண்டு சீட்டுக் கட்டும் குடும்பத்திற்கு, அரசு வழங்கிய 8 கிராம் தங்கம் சிறு உதவியன்று.

இருப்பினும் திருமண உதவியில் கல்விக்கும் இடமிருந்தது. பத்தாம் வகுப்பு, பட்டம் என்னும் தகுதிகள் வழியாகப் பெண்ணைப் பள்ளியில் நிறுத்தவே அத்திட்டம் முயன்றது. மணமகள் 18 வயது நிறைந்திருக்கவேண்டும் என்ற விதி குழந்தைத் திருமணத்திற்குத் தடையாக அமைந்தது. ஆயின் கல்விக்கான பரிசு, படிக்கும் காலத்தில் வாராமல் மணநாளில் வந்தது. கட்டணமும் பேருந்துச் செலவும் நெருக்கும் ஆண்டுகளில் அதனால் பயனில்லை. திருமணமே செய்துகொள்ளாத பெண்ணுக்கு அது கிடைக்கவும் வழியில்லை.

2022ஆம் ஆண்டு மாற்றம்

2022 மார்ச் 18 அன்று அன்றைய நிதியமைச்சரும் மதுரை மத்தியத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருமான பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில் இம்மாற்றம் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு, பட்டம், பட்டயம் அல்லது தொழிற்பயிற்சிப் படிப்பு முடியும்வரை மாதம் ரூ.1,000 அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் என்பதே அதன் சாரம். ஏறத்தாழ 6 லட்சம் மாணவியர் பயன்பெறுவர் எனக் கருதி ரூ.698 கோடி ஒதுக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் ‘புதுமைப்பெண்’ என்ற பெயரில் திட்டம் தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கான விரிவாக்கம் 2024 டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தன.

மாற்றத்தை மூன்று நிலைகளில் விளக்கலாம்.

முதலாவது, தகுதி. பழைய திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு (பிற்காலத்தில் ரூ.72,000) இருந்தது, ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கே உதவி கிட்டியது. புதிய திட்டத்தில் வருமான வரம்பில்லை. ஒரே குடும்பத்தின் எல்லா மாணவியரும் பெறலாம். பிற கல்வி உதவித்தொகை பெறுவதும் தடையாகாது. வருமானச் சான்றின் இடத்தை அரசுப் பள்ளியில் பயின்றமைக்கான பதிவு பெற்றது.

இரண்டாவது, வாயில். பழைய திட்டத்தில் குடும்பம் திருமண அழைப்பிதழையும் சான்றிதழ்களையும் இணைத்து, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் சமூகநல அலுவலர் வழியாக விண்ணப்பித்தது. நிதியும் தங்கமும் திருமணம் முடிந்து நெடுநாள் கழித்து வந்த நேர்வுகள் மிகுதி; நிலுவை விண்ணப்பங்கள் சட்டமன்றத்திலேயே பேசுபொருளாயின. புதிய திட்டத்தில் மாணவி தன் கல்லூரி வழியாக இணையத்தில் பதிவுசெய்கிறாள். பள்ளிக் கல்வித் தரவுத்தளம் அவள் பயின்ற வகுப்புகளைச் சரிபார்க்கிறது. ஒன்றிய அலுவலகத்தின் வாயிலில் குடும்பம் நின்ற நிலை மாறி, கல்லூரி அலுவலகத்தில் மாணவியே விண்ணப்பதாரராகிறாள்.

மூன்றாவது, தொகை. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் புதிய திட்டம் வழங்குவது 36 மாதத்திற்கு அதிகபட்சம் ரூ.36,000. நான்காண்டுப் பொறியியலுக்கு ரூ.48,000. பழைய திட்டம் பட்டதாரி மணமகளுக்கு வழங்கியது ரூ.50,000, அதன்மேல் ஒரு பவுன். தங்கத்தின் மதிப்பு விலையேற்றத்தோடு உயரும்; ரூபாயில் நிலையாக வரையறுத்த மாதத்தொகையின் வாங்குந்திறன் ஆண்டுதோறும் குறையும். ஆயினும் தொகையை மட்டும் ஒப்பிடுவது முழு உண்மையைத் தாராது. மேலூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ மதுரைக் கல்லூரிக்கு நாள்தோறும் வந்துசெல்லும் மாணவிக்கு மாதம் ரூ.1,000 என்பது மதிய உணவு, நகல் எடுத்தல், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தந்தையிடம் கேளாமல் நடத்த உதவும் பணம். படிப்பை நடுவில் நிறுத்துவதற்கான காரணங்களுள் சிலவற்றையேனும் அது நீக்குகிறது.

இடைவெளியில் நிற்போர்

‘மாற்றியமைத்தல்’ என்னும் சொல், பழைய பயனாளியே புதிய வடிவில் பயன்பெறுவார் என்ற எண்ணத்தைத் தருகிறது. விதிகளை ஒப்பிட்டால் அவ்வாறில்லை என்பது தெளிவாகும். நான்கு பிரிவினரைச் சுட்டலாம்.

1. பத்தாம் வகுப்போடோ பன்னிரண்டாம் வகுப்போடோ படிப்பை நிறுத்தியவர்கள். பழைய திட்டத்தின் முதற்பிரிவு இவர்களுக்கானது. புதிய திட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. பொருளியல் நிலையில் மிகவும் பின்தங்கியோர் இப்பிரிவிலேயே மிகுதி என்பதால், வருமான வரம்பை நீக்கிய திட்டம் அடித்தட்டு ஏழையரை அடையாமற்போகும் நிலை உருவாகிறது.

2. தொலைதூரக் கல்வி பயில்வோர். பழைய திட்டம் தொலைதூரக் கல்வியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பெற்ற பட்டத்தை ஏற்றது. புதிய திட்டம் அவற்றை விலக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இவ்வட்டாரத்தில் பெற்றிருந்த இடத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடையில் பகல் முழுதும் நின்று பணியாற்றி, விடுமுறை நாளில் பாடநூல் படித்துப் பட்டம் பெற முயலும் பெண்ணைக் கருதுவோம். முன்பு அவளுக்கு இரண்டாம் பிரிவில் உதவி உண்டு, இன்று இல்லை.

3. மாற்றத்திற்கு முன்பே படிப்பை முடித்து, மாற்றத்திற்குப் பின் மணம் செய்தவர்கள். 2022இல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தோர் எஞ்சிய மாதங்களுக்கான தொகையைப் பெற்றனர். 2021இல் பட்டம் பெற்று 2023இல் மணந்த பெண் கல்வியுதவிக்கு மூத்தவள். திருமண உதவிக்குப் பிந்தியவள்.

4. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயின்றோர். பழைய திட்டம் பள்ளியின் வகையைத் தகுதியாக்கவில்லை. மதுரையில் உதவிபெறும் பள்ளிகளின் மரபு நெடியது. இவற்றில் தமிழ்வழியில் பயின்றோர் 2024க்குப் பின்னரே சேர்க்கப்பட்டனர்.

ஏனைய நான்கு திருமண உதவித் திட்டங்கள் மாற்றமின்றித் தொடரும் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது. விதவை மறுமணம், ஏழை விதவையரின் மகள் திருமணம், ஆதரவற்ற பெண் திருமணம், கலப்புத் திருமணம் ஆகியவற்றுக்கானவை அவை. ஆகவே திருமண உதவி என்னும் கொள்கை கைவிடப்படவில்லை. வறுமை மட்டுமே காரணமாக அவ்வுதவியைப் பெற்றுவந்தோரின் தகுதிதான் நீக்கப்பட்டது.

பிற இடங்களின் அனுபவம்

மேற்கு வங்கம் இதே சிக்கலை வேறு வகையில் அணுகியது. 2013இல் தொடங்கிய கன்யாஸ்ரீ, பெண்ணின் கல்விக்கு ஆண்டுத்தொகையும், 18 வயதில் மணமாகாமல் கல்வியைத் தொடர்ந்தால் ரூ.25,000 ஒரே தவணையிலும் வழங்குகிறது. 2018இல் வந்த ரூபஸ்ரீ, ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு ரூ.25,000 வழங்குகிறது. அங்கே கல்வியுதவியும் திருமண உதவியும் அருகருகே நிற்கின்றன.

பிரிட்டன் 2013 முதல் ஆறு பழைய உதவித்தொகைகளை ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் ஒரே திட்டத்துள் கொணர்ந்தது. பழைய உதவியிலிருந்து அரசே மாற்றும் பயனாளியின் தொகை அம்மாற்றத்தால் குறையுமாயின், அக்குறையை ஈடுசெய்யும் இடைமாற்றப் பாதுகாப்புத் தொகை சட்டத்திலேயே வகுக்கப்பட்டது. அத்தொகை காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்றாலும், மாற்றத்தின் இழப்பைப் பயனாளி மட்டுமே சுமக்கலாகாது என்னும் கொள்கை அதிலுண்டு. தமிழ்நாட்டுத் திட்டத்தில் இத்தகைய இடைமாற்ற ஏற்பாடு, பயின்றுகொண்டிருந்த மாணவியர் அளவில் நின்றது.

முடிவுரை

திருமண நிதியுதவியும் உயர்கல்வி உறுதியும் ஒரே பெயரைத் தாங்கினாலும் இரு வேறு தேவைகளுக்கு விடையளிப்பவை. முன்னது குடும்பத்தின் ஒருநாள் செலவில் பங்கேற்றது. பின்னது மாணவியின் பல்லாண்டுச் செலவில் பங்கேற்கிறது. பணம் பெண்ணின் கணக்கிலேயே சேர்வதும், திருமணம் தகுதியாக இல்லாததும் புதிய திட்டத்தின் உறுதியான முன்னேற்றங்கள். அதே வேளையில், கல்லூரி வாயிலை எட்டாத பெண் இவ்வமைப்பில் கண்ணுக்குத் தெரியாதவளாகிறாள்.

தொலைதூரக் கல்வி பயிலும் உழைக்கும் பெண்களைச் சேர்த்தல், பள்ளியோடு படிப்பை நிறுத்தியோர் குறுகிய காலத் திறன் பயிற்சியில் சேரும்பொழுதும் மாதத்தொகை வழங்குதல், விலைவாசியோடு தொகையை இணைத்தல் ஆகிய மூன்றும் இக்குறையைத் தீர்க்கும் வழிகளாகும். இவற்றுள் முதலாவதற்குப் பழைய திட்டத்தின் விதியே முன்மாதிரியாக உள்ளது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் வட்டங்களில் 2018 முதல் 2022 வரை பள்ளிப் படிப்பை முடித்த பெண்களை ஊர்வாரியாகப் பின்தொடரும் கள ஆய்வு மேற்கொள்ளப்படுமாயின், இடைவெளியில் நின்றோரின் எண்ணிக்கையும் நிலையும் தெளிவாகும். புதிய திட்டத்தின் வெற்றியை அதில் சேர்ந்தோரைக் கொண்டு மட்டும் அளவிடாமல், பழையதில் இருந்து இதில் சேர முடியாதோரையும் கொண்டு அளவிடுவதே முறையாகும்.